வடிவாம்பாள் (தில்லானா மோகனாம்பாள்)

வடிவாம்பாள், ஏ. பி. நாகராஜன் இயக்கி 1968-இல் வெளிவந்த தில்லானா மோகனாம்பாள் திரைப்படத்தில் நடனமணி மோகனாவின் தாய். கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதையைத் தழுவிய இப்படத்தில் சி. கே. சரஸ்வதி இவ்வேடத்தை ஏற்றார். மகளைச் செல்வந்தரிடம் சேர்ப்பதே வடிவாம்பாளின் நோக்கம். மகளோ நாதசுரக் கலைஞர் சண்முகசுந்தரத்தை விரும்புகிறாள்.

தேவதாசி முறையைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல் வந்தது. செல்வர்களின் ஆதரவை நம்பிய குடும்பங்களுக்கு மகளின் கலையே வருமானமாக இருந்தது. தாயின் இந்த அச்சத்தைப் படம் பேராசையாகவே காட்டுகிறது.

தாயையே மையமாக்கிய அமெரிக்க இசைப்படம் ஜிப்சி (1962). மேடையில் எதெல் மெர்மன் பாடி நடித்த ரோஸ் வேடம், திரையில் ரோசலிண்ட் ரசலுக்குச் சென்றது. பாடல்களில் பெரும்பகுதிக்கு லிசா கர்க் இரவல் குரல் தந்தார். இது படத்தின் குறையாகப் பேசப்பட்டது. தமிழ்ப் படத்திலோ தாய் துணைப் பாத்திரமாகவே நிற்கிறார்; அவர் பக்க நியாயத்தைக் கதை ஆராய்வதில்லை.