அற்ப விஷயம்

பிரெஞ்சு மொழியில் 'பாகடெல்' என்ற சொல்லுக்கு அற்ப விஷயம் என்று பொருள். தன் மதிப்பு இன்னதென்று பெயரிலேயே சொல்லிக்கொண்டு வந்த விளையாட்டு அது. கோடை விடுமுறை வந்தால் பரணிலிருந்து இறங்குமே, ஆணி அடித்த சாய்வுப் பலகை, அதைத்தான் சொல்கிறேன். வலது ஓரத்தில் சுருள்வில் வைத்த தள்ளுகோல் ஒன்று இருக்கும். அதை இழுத்து விட்டால் குண்டு மேலே ஏறி, வளைவைச் சுற்றி, ஆணிகளுக்கு நடுவே தத்தித் தடுமாறி, ஐம்பதிலோ ஐந்நூறிலோ விழும். பெரும்பாலும் ஒன்றிலும் விழாமல் அடிவாரத்துக்கே வந்து சேரும்.

இந்த அற்ப விஷயத்துக்கு ஓர் அரச வம்சத்து உறவு உண்டு என்றால் நம்புவீர்களா?

பதினாறாம் லூயி மன்னனுக்கு ஆர்த்துவா பிரபு என்று ஒரு தம்பி இருந்தான். பாரிஸ் நகரத்துக்கு மேற்கே பூலோன் காட்டில் பழைய மனை ஒன்றை வாங்கிப் போட்டிருந்தான். அங்கே மூன்று மாதத்துக்குள் புது மாளிகை எழுப்பிக் காட்டுவதாக அண்ணி மரீ அந்துவானெத்திடம் 1777-ல் பந்தயம் கட்டினான். இரண்டு மாதத்துக்குச் சற்று மேலே ஆயிற்று. மாளிகை நின்றது, அண்ணி தோற்றாள். ஜெயித்த பணத்தைப் போலப் பல மடங்கு மாளிகைக்குச் செலவாகியிருந்தது என்பது வேறு விஷயம். அந்த மாளிகையின் பெயர்தான் பாகடெல். அங்கே விருந்தாளிகள் ஆடிய மேஜை விளையாட்டுக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது என்பது கர்ண பரம்பரை.

அடுத்த வருஷம் புதுச்சேரியில் நடந்தது என்ன தெரியுமா? ஆங்கிலேயரை எதிர்த்த அமெரிக்கருக்குப் பிரான்சு கைகொடுத்தது. அதன் பலனை நம் ஊர் அனுபவித்தது. ஆங்கிலப் படை வந்து வளைத்துக்கொண்டது. ஏறக்குறைய இரண்டு மாத முற்றுகைக்குப் பிறகு, 1778 அக்டோபரில், ஊர் சரணடைந்தது. அங்கே ஒரு மாளிகை எழும்ப எத்தனை நாளோ, கிட்டத்தட்ட அத்தனை நாள் இங்கே ஒரு கோட்டை விழ. 1785-ல் ஊர் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பி வந்தது. 1793-ல் மறுபடி போயிற்று. 1816-ல் மறுபடி வந்தது. வெர்சேயிலும் பாரிஸிலும் கையெழுத்து விழும். இங்கே கொடி மாறும். ஊர்க்காரனை ஒரு வார்த்தை கேட்டவர் இல்லை. கோலை இழுத்து விடுகிறவன் எங்கோ இருந்தான். ஆணியில் முட்டிக்கொண்டவன் மட்டும் இங்கே இருந்தான்.

வேடிக்கை இதோடு முடியவில்லை. பந்தயம் கட்டிய அதே ஆர்த்துவா பிரபு 1824-ல் பத்தாம் ஷார்ல் என்ற பெயரோடு சிம்மாசனம் ஏறினான். ஆகவே, அவன் புதுச்சேரிக்கும் ராஜா! 1826-ல் இங்கே அரசர் கல்லூரி ஏற்பட்டதும், இன்று ரோமன் ரோலான் பெயரைத் தாங்கி நிற்கும் நூலகம் 1827-ல் தோன்றியதும் அவன் ஆட்சிக் காலத்தில்தான். 1830-ல் பாரிஸில் ஜனங்கள் கிளர்ந்தெழுந்தார்கள். ராஜா முடியைத் துறந்து நாட்டை விட்டே போனான்.

ராஜா போனாலும் விளையாட்டு போகவில்லை. அது கடல் கடந்தது. அமெரிக்காவில் சின்சினாட்டி நகரில் குடியேறிய மாண்டேகு ரெட்கிரேவ் என்ற ஆங்கிலேயர், 1871-ல் சுருள்வில் தள்ளுகோலைச் சேர்த்து உரிமைப் பத்திரம் வாங்கினார். 1931-ல் சிகாகோவில் டேவிட் காட்லீப் என்பவர் காசு போட்டால் ஆடும் பெட்டியாக அதைச் செய்தார். வேலையில்லாமல் நாடு தவித்த அந்தக் காலத்தில் 50,000 பெட்டிகளுக்கு மேல் விற்றன. 'பின்பால்' என்று இன்று சொல்லும் இயந்திரத்துக்கு அதுவே மூதாதை.

ஆனால் ஒரு குறை. குண்டு கையை விட்டுப் போன பிறகு ஆடுகிறவனுக்கு வேலை இல்லை. பெட்டியைத் தட்டலாம், தெய்வத்தை வேண்டலாம், அவ்வளவுதான். இது சூதாட்டம் என்று நியூயார்க் நகரம் 1942-ல் தடை போட்டது. பெட்டிகளைச் சம்மட்டியால் உடைத்தது. பிறகு 1947-ல் காட்லீப் கம்பெனியின் ஹாரி மேப்ஸ், விழும் குண்டைத் திருப்பி அடிக்க விசைக்கரங்களைப் பொருத்தினார். இயந்திரத்துக்குக் கை முளைத்தது! பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் அந்த இயந்திரத்தையே 'ஃபிளிப்பர்' என்று அந்தக் கையின் பெயரால்தான் அழைக்கிறார்கள். நியூயார்க் மட்டும் மெதுவாக விழித்தது. குண்டு எந்த வழியில் போகும் என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டு, ரோஜர் ஷார்ப் என்ற இளம் எழுத்தாளர் நகரசபையார் முன் ஆடிக்காட்டிய பிறகு, 1976-ல் தடையை எடுத்தது.

புதுச்சேரிக்குக் கை முளைத்தது 1954-ல். அக்டோபர் 18-ந் தேதி கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேர வேண்டும் என்றவர்கள் 170 பேர். வேண்டாம் என்றவர்கள் 8 பேர். நவம்பர் 1-ந் தேதி நிர்வாகம் கைமாறியது. சட்டப்படி எல்லாம் முடிய 1962 ஆகஸ்டு 16 வரை காத்திருக்க வேண்டியிருந்தாலும், முதல் முறையாக ஊரின் கதியை ஊரார் சொன்னார்கள்.

அப்படியானால் அதற்கு முன்னால் இருந்தவர்கள் சும்மாவா இருந்தார்கள்? இதற்கு என் மேஜைமேல் கிடக்கும் ஒரு பலகை பதில் சொல்லிற்று.

இங்கே ஒரு பழஞ்சாமான் கடையில் அதை வாங்கினேன். கடற்காற்று தன் வேலையைச் செய்திருந்தது: சுருள்வில் துருப்பிடித்துத் துவண்டிருந்தது, ஆறு குண்டுகளில் இரண்டைக் காணோம். பின்புறத்தில் பென்சிலால் யாரோ ஆட்டக் கணக்கு எழுதியிருந்தார்கள். ஒவ்வொரு ஏழுக்கும் இடுப்பில் குறுக்குக்கோடு. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்து எழுத்து. வில்லை மாற்றினேன். குண்டுகளைச் சைக்கிள் கடையில் பிடித்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அரக்கு மெருகு ஏற்ற ஓர் ஆசாரியை அழைத்தேன். அந்த மெருகுக்குப் பெயர் பிரெஞ்சு பாலிஷ். அரக்கு என்னவோ நம் நாட்டு மரத்துப் பூச்சி தந்தது.

ஆசாரி பலகையைத் திருப்பிப் பார்த்தார். "ஆயிரத்துக் குழிகிட்ட ஆணியெல்லாம் கோணியிருக்குதுங்க. நேராக்கிடட்டுங்களா?" என்றார்.

குனிந்து பார்த்தேன். கீழே விழுந்து கோணிய ஆணி ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருக்கும். இவை எல்லாம் ஒழுங்காக வெளிப்பக்கம் சாய்ந்திருந்தன; ஒவ்வொன்றிலும் குறடு பிடித்த தழும்பு. குண்டு உள்ளே நுழைய யாரோ வேண்டுமென்றே வாசலை அகலப்படுத்தியிருக்கிறார்கள். ஆட்ட விதிப்படி இது கள்ளத்தனம்தான். ஆனால், கை இல்லாத ஆட்டத்தில் ஆடுகிறவன் தனக்குத் தானே செய்துகொண்ட கை அது. பலகையில் இருந்தவற்றில் எனக்கு மிகவும் மதிப்பாகத் தோன்றியது அந்தக் கோணல்தான்.

"அது அப்படியே இருக்கட்டும்" என்றேன்.

மெருகு காய்ந்ததும் முதலில் ஆட வந்தவன் எதிர்வீட்டுப் பையன். ஆறு குண்டில் மூன்று ஆயிரத்தில் விழுந்துவிட்டன.

"என்ன மாமா, இவ்வளவு சுலபமா இருக்கு?" என்றான்.

"யாரோ நமக்காகப் பாடுபட்டு வளைத்து வைத்திருக்கிறார்களடா" என்றேன்.