மைனர் சுரக்கூட்டும் அதன் காரணந் தேடிய வரலாறும்

பியானோவில் 'சி', 'ஈ', 'ஜி' எனும் மூன்று வெள்ளைக் கட்டைகளையும் ஒருங்கே அழுத்தினால் எழுவது மேஜர் சுரக்கூட்டு. ஓரத்து விரல்கள் இரண்டும் இருந்தவாறே இருக்க, நடுவிரலை மட்டும் இடப்புறத்துக் கறுப்புக் கட்டைக்கு நகர்த்தினால் அது மைனர் சுரக்கூட்டாகிவிடும். முன்னதில் நான்கு அரைச்சுரங்களின்மேல் மூன்று. பின்னதில் மூன்றின்மேல் நான்கு. நமது இசைமரபின் மொழியிற் கூறுவதாயின், சட்சமும் பஞ்சமமும் மாறாதிருக்க, அந்தர காந்தாரம் சாதாரண காந்தாரமாகின்றது. ஒரு நாளிற் கற்றுவிடக்கூடிய இவ்விரலசைவுக்குக் காரணங் கூற முற்பட்ட ஐரோப்பிய அறிஞர் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக இடர்ப்பட்டனர் என்பது நோக்கற்பாலது.

பைதகரஸ் மரபினர் இரண்டு, மூன்று ஆகிய எண்களைக்கொண்டே சுர இடைவெளிகளை அளந்தனர். அம்முறையில் மேஜர் மூன்றாம் இடைவெளி 81:64 எனும் சிக்கலான விகிதத்தைப் பெற்றமையால், அஃது இசைவுடையதாகக் கொள்ளப்படவில்லை. 1558இல் வெனிஸ் நகரில் வெளிவந்த தமது நூலில், இத்தாலியரான ஸார்லினோ ஆறு வரையிலான எண்களை இசைவின் அடிப்படையாக்கி, இவ்விடைவெளிகளுக்கு 5:4, 6:5 எனும் எளிய விகிதங்களை வழங்கினார். மைனர் கூட்டைத் தரும் தந்திகளின் நீளங்கள் 6:5:4 எனவும், மேஜர் கூட்டைத் தருவன 15:12:10 எனவும் அமையும். தந்தியின் நீளத்தை மட்டும் நோக்கின், எளிய எண்கள் மைனருக்கே உரியன. எனினும், மேஜர் உவகை தருவது, மைனர் துயரந் தருவது என அவரே வேறுபடுத்தியுங் கூறினார்.

அக்கால இசைவாணரின் வழக்கமும் இவ்வேறுபாட்டை உறுதிப்படுத்தியது. மைனரில் நடந்த உருப்படியையும் இறுதியில் மேஜர் கூட்டிலேயே முடித்தனர். பின்னர் 'பிக்கார்டி மூன்றாம் சுரம்' எனப் பெயர்பெற்ற இவ்வழக்கத்தை, பாக் 1722இல் தொகுத்த பியானோவுக்கு முற்பட்ட கட்டைவாத்திய நூலின் பல உருப்படிகளிலும் காணலாம். மைனர் கூட்டு இடையில் தங்குதற்குரியதேயன்றி முடிவாதற்குரியதன்று என்பது அவர்தம் கருத்துப்போலும்.

அதே 1722இல் பிரெஞ்சு அறிஞர் ராமோ தமது இசைவியல் நூலை வெளியிட்டார். அதனைத் தொடர்ந்து, ஒரு தந்தி அதிரும்போது அதன் மீடிறனின் இருமடங்கு, மும்மடங்கு என மேற்றொனிகளும் எழுகின்றன எனும் பௌதிக உண்மையை அவர் தமது கொள்கைக்கு ஆதாரமாக்கினார். நான்காம், ஐந்தாம், ஆறாம் தொனிகள் மேஜர் கூட்டை அமைப்பன. ஆகவே மேஜர் இயற்கையின் கொடை என்றாயிற்று. ஆனால் மைனர் கூட்டின் விகிதமோ 10:12:15. அத்துணைத் தொலைவிலுள்ள தொனிகளை அடிப்படையெனல் பொருந்தாது. எனவே, ஒலிக்குந் தந்தியானது தன்னினும் தாழ்ந்த தந்திகளை முழுமையாக அதிரச் செய்கின்றது என 1737இல் அவர் வாதிட்டார். அத்தந்திகள் பகுதி பகுதியாகவே அதிர்கின்றன என்பதை 1750இல் அவரே ஏற்கவேண்டியதாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜேர்மானியரின் ஆய்வுகள் இப்பிரச்சினையை மீண்டும் எழுப்பின. 1863இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ், மைனர் கூட்டு ஒலிக்கையில் அதற்குப் புறம்பான ஒரு தாழ்ந்த தொனியும் எழுந்து அதன் தெளிவைக் குறைக்கின்றது எனக் காட்டினார். மைனரை மேஜரினும் தாழ்ந்ததாகக் கொள்ளும் இம்முடிபை ஏற்காத ஓட்டிங்கன், 1866இல் இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்விம்பமானவை என நிறுவ முயன்றார். அவர் வழிவந்த ரீமான், மேற்றொனிகளைப்போலக் கீழ்த்தொனிகளும் உண்டு எனவும், பியானோவில் அவற்றைத் தாம் செவியுற்றதாகவும் கூறினார். பிற்காலத்தில் அவரும் அக்கூற்றைக் கைவிட்டார். கொள்கை செவியை எத்துணை தூரம் ஏமாற்றவல்லது என்பதற்கு இது சிறந்த சான்றாகும்.

இவ்வறிஞர் அனைவரும் தேடிய தூய விகிதம் இன்றைய பியானோவில் இல்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. அரைச்சுரமொன்றை 100 சதங்களாகக் கொள்ளின், 6:5 எனும் இடைவெளி ஏறத்தாழ 316 சதங்களாகும். சமபங்கீட்டு முறையிற் சுருதி கூட்டப்பெற்ற பியானோவோ 300 சதங்களையே தருகின்றது. ஆயினும் கேட்போர் அதனை மைனர் என உடனே அறிந்துகொள்கின்றனர். இதிலிருந்து, எண்ணைவிடப் பழக்கமே செவியை வழிநடத்துகின்றது எனக் கருத இடமுண்டு.

துயரம் பற்றிய கூற்றும் இவ்வாறே ஆராயப்படவேண்டியது. மைனர் சுரவரிசையின் இயல்பான வடிவம் நமது இருபதாவது மேளமாகிய நடபைரவியின் ஏழு சுரங்களையே கொண்டது. அச்சுரங்களைத் துயரத்துக்கு மட்டுமே உரியனவென நம் மரபு வகுக்கவில்லை. பல சுரங்களை ஒருங்கே ஒலிக்கும் கூட்டிசையும் நம் மரபில் இடம்பெறவில்லை. ஐரோப்பாவிலும் விரைந்த ஆடலிசைகள் பல மைனரில் அமைந்துள்ளன.

ஆகவே, மைனர் சுரக்கூட்டைத் 'துயரக் கூட்டு' எனப் பயிலும் மாணவன், இயற்கையின் விதியொன்றைக் கற்கின்றானல்லன். வரலாறு வழங்கிய ஒரு தீர்ப்பையே கற்கின்றான். நடுவிரலை நகர்த்தக் கற்றல் பயிற்சி; அத்தீர்ப்பு எவ்வாறு உருவாயிற்று என வினவுதலே விளக்கம்.