படகில் யாருக்கு என்ன வேலை, எவ்வளவு பங்கு? மீனவர் குழு இயங்குவது இப்படித்தான்!

கடலூர் தேவனாம்பட்டினம் போன்ற மீனவ கிராமங்களில் படகு வேலைக்குப் பெரும்பாலும் மாதச் சம்பளம் கிடையாது, பங்குதான்.

யார் என்ன செய்வார்?
படகை ஓட்டுபவர் திசை, ஆழம் பார்ப்பார். மற்றவர்கள் வலை விடுவார்கள், இழுப்பார்கள், மீன் பிரிப்பார்கள். அவரவர் வேலை தெளிவாக இருப்பதால் நடுக்கடலில் வாக்குவாதத்துக்கு இடமில்லை.

பங்கு எப்படி பிரியும்?
மீன் விற்ற பணத்தில் டீசல், ஐஸ் செலவு கழியும். மீதியில் படகு, வலைக்காக உரிமையாளருக்கு ஒரு பகுதி, மற்றது தொழிலாளர்களுக்கு. விகிதம் படகுக்குப் படகு மாறும்.

சிக்கல் என்ன?
மீன்பாடு இல்லைன்னா உழைத்தவருக்கும் காசில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் ஓடாது. அப்போது குடும்பத்துக்கு அரசு நிவாரணம் 8,000 ரூபாய்தான்.

அதனால்தான் வேலையையும் பங்கையும் முன்பே பேசி முடிப்பது முக்கியம். ஆபீஸ் டீமுக்கும் இது பொருந்தும்.