உப்புப் படிந்த கண்ணாடியும் கடலடிக் கம்பியும்

போர்ட் பிளேரின் பழைய மரவீடுகளில் துடைப்பதற்குக் கண்ணாடி அதிகம் இருக்காது. 1883இல் தொடங்கிய சாத்தம் மர ஆலை அறுத்துக் கொடுத்த பலகைதான் சுவரும் சன்னலும். விடுதிகளும் அலுமினியச் சட்டங்களும் பெருகிய பிறகே என் போன்றவர்களுக்குச் சன்னல் துடைக்கும் பிழைப்பு வந்தது. கடற்காற்று விட்டுப்போகும் உப்பு வெறும் துணிக்கு அடங்காது. நல்ல தண்ணீரில் கழுவிவிட்டுத்தான் ரப்பர் வைப்பரை இழுக்க வேண்டும்.

அன்று கணக்கெல்லாம் நோட்டில். செயற்கைக்கோளை நம்பிய இணையத்தில் ஒரு படம் போய்ச் சேர்வதற்குள் டீ ஆறிவிடும். 2020 ஆகஸ்ட் 10 அன்று, சென்னையிலிருந்து கடலடியில் வரும் சுமார் 2,300 கி.மீ. கண்ணாடி இழைக் கம்பி திறக்கப்பட்டது. செலவு சுமார் 1,224 கோடி ரூபாய். அதனால் கூடிய இணைய வேகம் எங்கள் சின்னத் தொழிலுக்கும் எட்டியது. வாட்ஸ்அப் பிசினஸ் தானாகப் பதில் அனுப்புகிறது. போன் காலண்டர் மாத வாடிக்கைகளை நினைவூட்டுகிறது. க்யூஆர் அட்டையில் கூலி வந்துவிடுகிறது. மூன்றுக்கும் மாதக் கட்டணம் கிடையாது.

இரண்டு பருவமழையும் பெய்யும் ஊர் இது. மழையால் தேதி தள்ளிப்போனால் கூப்பிட்டுச் சொல்வது இன்னமும் மனுஷன் வேலைதான். புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களே, காசு கொடுத்து மென்பொருள் வாங்குமுன் கையிலிருக்கும் போனை முழுசாகப் பயன்படுத்துங்கள்.