கைகளில் தங்கிய ஊர்: இடம்பெயர்ந்தோரின் ஓவியமும் கைவினையும்

வரலாறு எழுதுவோர் முதலில் தேடுவது எழுத்தாவணத்தையே. காணி உறுதி, விவாகப் பதிவு, பள்ளிவாசல் குறிப்பேடு, பாடசாலை வரவு இடாப்பு ஆகியன கிடைக்குமாயின் ஒரு குடும்பத்தின் கதையை ஓரளவு நிரல்படுத்திவிடலாம். ஆனால் பலவந்தமாக வெளியேற்றப்படும் ஒரு சமூகம் முதலில் இழப்பதும் அந்த ஆவணங்களைத்தான். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினர். ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாண நகர முஸ்லிம்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவில் இருந்தவர்கள் கடல்வழியே கற்பிட்டியில் வந்திறங்கினர். நகையும் பணமும் பறிபோயின. குடும்ப நிழற்படங்களும் கடிதங்களும் விட்டுவந்த வீடுகளோடு போயின.

இந்நிலையில் ஒரு குடும்பம் தன் கடந்த காலத்தை எங்கே வைத்துக் காப்பாற்றுகிறது? நாவிலும் கையிலும் என்றே விடை கூற வேண்டும். நாவில் இருப்பதை வாய்மொழி வரலாறு என ஏற்றுக்கொண்டு நாம் பதியத் தொடங்கிவிட்டோம். கையில் இருப்பதை, அதாவது கோட்டிலும் தையலிலும் பின்னலிலும் தங்கியிருக்கும் ஞாபகத்தை, வரலாற்று மூலமாக மதிக்கும் பழக்கம் நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை. இவ்விடயத்தில் பலஸ்தீன மக்களின் அனுபவம் ஊன்றி நோக்கத்தக்கது.

இஸ்மாயில் ஷம்மூத் 1930 இல் லித் நகரில் பிறந்தவர். 1948 ஜூலையில் அந்நகரின் மக்கள் இஸ்ரேலியப் படையினரால் விரட்டப்பட்டபோது அவரது குடும்பமும் கடும் வெயிலில் நடந்தது. அந்நடையில் அவருடைய சின்னஞ்சிறு தம்பி தாகத்தால் இறந்தான். கான் யூனிஸ் அகதி முகாமில் பலகாரம் விற்றும் பிள்ளைகளுக்குப் படிப்பித்தும் நாட்களைக் கடத்திய அவர், பின்னர் கெய்ரோவில் ஓவியம் பயின்றார். 1953 இல் காஸாவில் தமது ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். அவ்வாண்டில் அவர் வரைந்த ‘எங்கே?’ என்னும் ஓவியத்தில் கந்தலாடையுடன் முதியவர் ஒருவர் நடக்கிறார். தோளிலே ஒரு குழந்தை உறங்குகிறது. மற்றொன்றை அவர் கையிற் பிடித்திருக்கிறார். மூன்றாவது பின்னால் தனித்து வருகிறது. தூரத்தில் ஊரும் மினாராவும் தெரிகின்றன.

தன் வீட்டில் நடந்ததைத்தான் ஷம்மூத் வரைந்தார். பார்த்தவர்களோ அதிலே தத்தம் வீட்டைக் கண்டனர். அவருடைய மனைவி தமாம் அல் அக்ஹல் யாஃபா நகரைச் சேர்ந்தவர்; அவரது குடும்பமும் 1948 இல் கடல்வழியே லெபனானுக்குச் சென்ற குடும்பம். இவ்விருவரும் முதிய வயதில், 1997 முதல் 2000 வரையில், வெளியேற்றத்தையும் அதன் பின்னான அலைச்சலையும் பொருளாகக் கொண்டு 19 பெரிய ஓவியங்களைத் தீட்டினர். அரை நூற்றாண்டு கழிந்த பின்னரும் இரு குடும்பங்களின் ஞாபகம் தூரிகையில் உயிர்ப்போடு இருந்தது என்பதற்கு அவை சான்று.

ஓவியம் கற்றவர்களுக்குரியது என்றால், ஊசியும் நூலும் எல்லா வீட்டுக்கும் உரியவை. பலஸ்தீனக் கிராமத்துப் பெண்கள் ‘தௌப்’ எனப்படும் நீண்ட அங்கியின் மார்புப் பகுதியிலும் கையிலும் பக்கங்களிலும் குறுக்குத் தையலால் பூவேலை செய்தனர். நூலின் நிறத்தையும் வடிவங்களையும் கொண்டு உடுத்தியவளின் ஊரையோ பிரதேசத்தையோ அறிந்துகொள்ள முடிந்தது. தாயிடமிருந்தே மகள் இதைக் கற்றாள். 1948 இல் நானூறுக்கும் மேற்பட்ட கிராமங்கள் வெறுமையாக்கப்பட்டன. அவற்றுட் பல இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. கிராமம் இல்லாமற் போன பின்னரும் அதன் தையல் முகாம்களிலே தொடர்ந்தது. பல ஊர்ப் பெண்கள் ஒரே முகாமில் வாழ நேர்ந்தபோது வடிவங்கள் ஒன்றோடொன்று கலந்தன. அந்தக் கலப்பும் ஒரு வரலாற்றுச் செய்தியே. யார் யாரோடு அயலவராயினர் என்பதை அது சொல்கிறது. 1987 இல் தொடங்கிய முதலாவது இன்திபாழாவின்போது பலஸ்தீனக் கொடியைப் பகிரங்கமாக ஏந்துவது தடுக்கப்பட்டிருந்தது. பெண்கள் கொடியின் நிறங்களையும் நாட்டின் வரைபடத்தையும் அங்கியில் தைத்து உடுத்தினர். 2021 இல் யுனெஸ்கோ இத்தையற் கலையை மனித குலத்தின் அருவ மரபுரிமைகளில் ஒன்றாகப் பட்டியலிட்டது.

இனி நமது நாட்டுக்கு வருவோம். ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேட்டைத் தோம்பு என்பர். யாருக்கு எந்தக் காணி, அதன் எல்லை யாது, அதில் என்ன மரங்கள் நின்றன என்பனவற்றை அரசு தன் வரித் தேவைக்காக எழுதி வைத்தது. யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் இச்சொல்லையே எடுத்துக்கொண்டு, முற்றுப்பெறாத தோம்பு என்னும் கருத்துப்படப் பெயரிட்ட ஓவிய நூலொன்றை 2011 இல் வெளியிட்டார். யுத்தத்தினால் இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்கள் தாம் இழந்த வீட்டை ஞாபகத்திலிருந்து தம் கையாலேயே வரைந்த தரைப்படங்கள் அதில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கட்டடக் கலைஞரின் முறைப்படியான வரைபடமும் சனாதனனின் சித்திரமும் வைக்கப்பட்டுள்ளன. பழைய தோம்பை எழுதியது அரசு. இதை எழுதியவர்கள் வீட்டை இழந்தவர்கள். வரலாற்று முறையியலில் இது சிறிய மாற்றமன்று.

ஞாபகம் பிழைக்காதா என்று கேட்கப்படலாம். பிழைக்கத்தான் செய்யும். நினைவில் வரைந்த கிணறு உண்மையான கிணற்றைவிடப் பெரிதாக இருக்கலாம்; அறைகளின் அளவு மாறலாம். காணி வழக்குக்கு இப்படம் போதாது. ஆனால் எந்த உறுதியிலும் இல்லாதவற்றை அது சொல்கிறது. மூத்தம்மா எந்தத் திண்ணையில் அமர்ந்து ஓதினார், பிள்ளைகள் எங்கே உறங்கினர், அயல் வீட்டுக்குப் போக வேலியில் எங்கே வழிவிடப்பட்டிருந்தது என்பன எந்தக் கச்சேரியிலும் பதியப்படுவதில்லை. வேலியில் வழிவிட்ட அந்த இடம் தமிழர், முஸ்லிம் உறவின் வரலாறுமாகும். வெளியேற்றம் பற்றிப் பிரஜைகள் ஆணைக்குழுவொன்று விசாரித்து 2011 இல் அறிக்கை வெளியிட்டது. அத்தகைய அறிக்கையும் இத்தகைய படமும் ஒன்றையொன்று நிறைவுசெய்வன. ஒன்று என்ன நடந்தது என்பதை நிறுவும். மற்றது எது இழக்கப்பட்டது என்பதைக் காட்டும்.

உருவம் வரைதல் தொடர்பாக நமது சமூகத்தில் ஒரு தயக்கம் உண்டு. அதை மதித்துக்கொண்டே இப்பணியைச் செய்யலாம். வீட்டின் தரைப்படத்தையும் ஒழுங்கையின் வரைபடத்தையும் தையலின் பூக்கோலத்தையும் பொறுத்து அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை. கிழக்கிலே நம் பெண்கள் பன்னை வெட்டி, வெயிலிற் காயவைத்து, சாயமேற்றிப் பின்னும் பாயை எடுத்துக்கொள்வோம். கலியாண வீட்டிலும் கந்தூரியிலும் அது விரிக்கப்படுகிறது. நோயாளிக்கும் பிள்ளைபெற்றவளுக்கும் படுக்கையாகிறது. அதன் நிறச் சேர்க்கையும் பின்னல் முறையும் உம்மாவிடமிருந்து மகளுக்கு வந்தவை. ஆயினும் பின்னியவளின் பெயரை எவரும் எழுதி வைப்பதில்லை. எழுத்தறிவு பெறும் வாய்ப்புக் கிடைக்காத எத்தனையோ பெண்கள் விட்டுச்சென்ற ஒரே கையொப்பம் அந்தப் பாய்தான். பிளாஸ்ரிக் பாய் வந்த பின் அதுவும் அருகி வருகிறது. முஸ்லிம் பெண்களின் வரலாற்றை எழுத முனைவோர் இங்கிருந்து தொடங்கலாம்.

1990 இல் முப்பது வயதாயிருந்தவர்கள் இன்று அறுபதைக் கடந்துவிட்டனர். சோனகத் தெருவின் வீடுகளைக் கண்மூடிக்கொண்டே வரையக்கூடியவர்களின் எண்ணிக்கை ஒவ்வொரு ஜனாஸாவுடனும் குறைகிறது. புத்தளத்தில் பிறந்து வளர்ந்த தலைமுறைக்கு வடக்கு என்பது பெரியவர்களின் பேச்சில் மட்டும் உள்ள ஊர். மீளக் குடியேறச் செல்வோரிடம் நீங்கள் இங்கு வாழ்ந்ததற்கு என்ன அத்தாட்சி என்று கேட்கும் நிலையும் இருந்து வந்துள்ளது. எனவே இது வெறும் பழங்கதை விருப்பமன்று.

செய்ய வேண்டியது எளிது. பிள்ளையிடம் ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்து, உம்மம்மாவை அவரது வீட்டை வரையச் சொல்லும்படி அனுப்பலாம். படத்தின் பின்புறம் வரைந்தவரின் பெயர், ஊர், திகதி, படத்திலுள்ள மரம் கிணறுகளின் விபரம் ஆகியவற்றை எழுதவேண்டும். பெட்டியில் கிடக்கும் தொப்பி, முஸல்லா, தலையணை உறை ஒவ்வொன்றுக்கும் செய்தவர் யார், யாருக்காகச் செய்தார் என்று ஒரு துண்டு எழுதி இணைக்கவேண்டும். பிரதி எடுத்து இரண்டு மூன்று இடங்களில் வைப்பதும் அவசியம். பாரம்பரிய உடைகளையும் பூத்தையலையும் சேகரித்து வைத்திருந்த காஸாவின் ரஃபா நூதனசாலை 2023 ஒக்டோபரில் குண்டுவீச்சில் அழிந்தது. பொருளை ஒரே கூரையின் கீழ் வைத்துவிட்டால் போதுமென்று எந்தச் சமூகமும் இருந்துவிட முடியாது. தைக்கவும் பின்னவும் வரையவும் தெரிந்த கை அடுத்த தலைமுறையிலும் இருக்குமானால், இழந்தவற்றுள் ஒரு பகுதியையேனும் மீண்டும் செய்துகொள்ளலாம்.