போர்முனை கண்ட கல்லூரிச் சகோதரர்

ஒரு சமூகத்தின் உயர்வை அளக்கப் புகுவோர் பலர் அச்சமூகத்தார் ஈட்டிய பொருளையும் வகித்த பதவிகளையுமே கணக்கிடுகின்றனர். அவர் தம் முன்னோரில் யாரை நினைந்து போற்றுகின்றனர், எதன்பொருட்டுப் போற்றுகின்றனர் என்று நோக்குவோர் சிலரே. உண்மையில் பின்னதே சிறந்த அளவுகோல் என்பது நமது துணிபு. அதனை விளக்குதற்கு அமெரிக்க ஐக்கிய நாட்டிலே கறுப்பின மாணவர் கண்ட சகோதர சங்கங்களின் வரலாற்றையும், அச்சங்கங்களினின்றும் முதல் உலகப் போர்க்குச் சென்று மீண்ட வீரரின் வரலாற்றையும் ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

அந்நாட்டுக் கல்லூரிகளில் கிரேக்க எழுத்துக்களைப் பெயராகக் கொண்ட மாணவர் சங்கங்கள் நெடுங்காலமாக உண்டு. ஒரு சங்கத்தைச் சேர்ந்தோர் ஒருவரையொருவர் சகோதரர் என்றே அழைப்பர். அவ்வுறவு கல்லூரியோடு முடியாது, ஆயுள் முழுவதும் நிலைபெறும். ஆயின் கறுப்பின மாணவர்க்கு அவற்றின் கதவுகள் அடைபட்டிருந்தன. நியூயார்க் மாநிலத்திலுள்ள கார்னெல் சர்வகலாசாலையில் 1904-05ஆம் ஆண்டு பயின்ற கறுப்பின மாணவர் அறுவருள் ஒருவரேனும் மறு ஆண்டு திரும்பினாரில்லை. தங்க இடமும், உடனிருந்து பயிலத் தோழரும், இடருற்றபோது தேற்றுவாரும் இன்றித் தனித்து நின்றோரின் நிலை அது. இதனைக் கண்டு வருந்திய இளைஞர் சிலர் முதலில் ஒரு படிப்புக் கழகமாகக் கூடினர். அக்கழகமே 1906 டிசம்பர் 4ஆம் நாள் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா என்னும் சகோதர சங்கமாயிற்று. அதனை நிறுவியோர் எழுவர். ஆண்மைச் செயல், கல்வி, மனிதகுலம் அனைத்தின்பாலும் அன்பு என்னும் மூன்றையும் அவர் தம் குறிக்கோளாகக் கொண்டனர். ஐந்து ஆண்டுகட்குப் பின், 1911 நவம்பர் 17ஆம் நாள், வாஷிங்டன் நகரத்து ஹோவர்டு சர்வகலாசாலையில் ஒமேகா சை ஃபை என்னும் மற்றொரு சங்கம் எழுந்தது. ஆண்மை, கல்வி, விடாமுயற்சி, பிறரை உயர்த்துதல் என்னும் நான்கும் அதன் தூண்கள்.

இச்சங்கங்கள் இளமைப் பருவங் கடவாதிருக்கையிலேயே பெருஞ் சோதனையொன்று வந்துற்றது. 1917 ஏப்ரலில் அமெரிக்கா போரில் இறங்கிற்று. படைத்தலைவர்களைப் பயிற்றுவிக்கத் துரைத்தனத்தார் பல முகாம்களைத் திறந்தனர். அவற்றுள் ஒன்றிலேனும் கறுப்பர்க்கு இடமில்லை. கறுப்பர் சுமை சுமக்கலாம், அகழி தோண்டலாம், சிப்பாயாக மடியலாம். படையை நடத்தலாகாது என்பதே அக்கால வழக்கு. அப்போது ஹோவர்டு மாணவர் ஒரு மையக் குழு அமைத்துச் சில வாரங்களிலேயே ஆயிரத்தைந்நூறு பேரின் பெயர்களைத் திரட்டித் துரைத்தனத்தார்முன் வைத்தனர்.

இங்கே ஒரு விவாதம் மூண்டது. கறுப்பர்க்கெனத் தனி முகாம் கேட்பது பிரிவினையை நாமே ஒப்புக்கொள்வதாகும் என்று அவ்வினத்துப் பத்திரிகைகள் பல கண்டித்தன. தனி முகாம் அன்றேல் முகாமே இல்லை. தலைமைக்குத் தகுதியுடையோம் என்பதை மெய்ப்பிக்கும் வாய்ப்பை இழத்தல் தகாது என்று மாணவர் மறுமொழி கூறினர. இருவர் கூற்றிலும் நியாயம் உண்டு. அவமதிப்போடு கலந்து வரும் வாய்ப்பை ஏற்பதா, தள்ளுவதா என்னும் இவ்வினா தாழ்த்தப்பட்ட மக்கள் அனைவர் முன்னும் ஒருநாள் வந்து நிற்பதே. மாணவர் ஏற்றனர், ஏற்றபின் அதனைத் தம் உழைப்பால் பெருமையுடையதாக்கினர்.

ஐயோவா மாநிலத்து டிமாயின் கோட்டையில் 1917 ஜூன் மாதம் அம்முகாம் திறக்கப்பெற்றது. கல்லூரி கண்டோரும் பிறருமாகப் பொதுமக்கள் ஆயிரவர், பழைய பட்டாளங்களிலிருந்து வந்தோர் இருநூற்றைம்பதின்மர், ஆக 1,250 பேர் பயிற்சி பெறப் புகுந்தனர். ஆசிரியரும் மருத்துவரும் வழக்கறிஞரும் ஏட்டை வைத்துவிட்டுத் துப்பாக்கி ஏந்தினர். முதலில் குறித்த காலம் முடிந்தபின்னும் பதவி வழங்காது மேலும் ஒரு திங்கள் நீட்டினர். நம்பிக்கை இழந்து சென்றோர் சிலர். பொறுத்து நின்றோர் பலர். 1917 அக்டோபர் 15ஆம் நாள் 639 பேர் படைத்தலைவராகப் பதவி பெற்றனர்.

அவர்கட்கு இயல்பாகவே தலைவராதற்குரியவர் சார்லஸ் யங் என்பார். வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியில் 1889ஆம் ஆண்டு தேறிய அவர், அக்காலத்துக் கறுப்பின உத்தியோகஸ்தருள் மிக உயர்ந்த பதவி வகித்தவர். ஒமேகா சங்கத்தின் கௌரவ உறுப்பினர். அவர் மேலும் உயர்ந்தால் வெள்ளையர் அவர்கீழ்ப் பணிபுரிய நேரும். இரத்த அழுத்தம் மிகுதி என்று காரணங் காட்டி 1917ஆம் ஆண்டு அவரை ஓய்வுபெறச் செய்தனர். யங் வசைமொழி ஒன்றும் கூறினாரில்லை. 1918 ஜூன் மாதம் ஒஹையோ மாநிலத்திலிருந்து குதிரையேறிப் புறப்பட்டு, 497 மைல் கடந்து வாஷிங்டனை அடைந்து, தம் உடல்நலத்துக்குத் தம் பயணத்தையே சான்றாக்கினார். எனினும் அவரை மீண்டும் பணிக்கு அழைத்தது 1918 நவம்பரில், போர் ஓய்வதற்குச் சில நாட்களே இருந்தபோதுதான். 1922ஆம் ஆண்டு ஆப்பிரிக்காவில் லாகோஸ் நகரில் அவர் உயிர் நீத்தார். அவர்க்கு உரியதாயிருந்த பிரிகேடியர் ஜெனரல் பதவி, அவர் இறந்து நூறாண்டு கழித்து, 2022ஆம் ஆண்டு வெஸ்ட் பாயிண்டிலே வழங்கப்பெற்றது. நீதி வந்தது, ஆயின் பெற்றுக்கொள்ள அவர் இல்லை.

பிரான்சு நாட்டுக் களத்தில் நிகழ்ந்தது யாது? ஏறக்குறைய 3,80,000 கறுப்பர் இராணுவத்தில் பணிபுரிந்தனர். கடல் கடந்த சுமார் 2,00,000 பேருள் பெரும்பாலோர் துறைமுகங்களில் மூட்டை தூக்கினர். அவர்க்குச் சங்கமும் இல்லை, பதவியும் இல்லை. கல்லூரி வீரரைப் போற்றுங்கால் அவரையும் மறத்தலாகாது. பிரெஞ்சுப் படைத்தலைவரின் கீழ்ப் போரிட்ட 369ஆம் பட்டாளம் 191 நாள் போர்முனையில் நின்று பிரெஞ்சு நாட்டாரின் வீர விருதைப் பெற்றது. டிமாயின் கோட்டையிற் பயின்றோர் பலர் சென்ற 92ஆம் படைப்பிரிவின் கதை வேறு. 1918 செப்டம்பரில் ஆர்கோன் காட்டில் அதன் பட்டாளமொன்று, போதிய வரைபடமும் முள்வேலி வெட்டுங் கருவியும் பீரங்கித் துணையும் இன்றி ஏவப்பட்டுப் பின்னடைந்தது. அப்பழியைக் கறுப்பினத் தலைவர்மீதே சுமத்தினர். 1925ஆம் ஆண்டு இராணுவக் கல்லூரியார் வெளியிட்ட அறிக்கையும் கறுப்பர் தலைமைக்குத் தகுதியற்றவர் என்றே எழுதிற்று.

இவ்வீரருள் ஒருவர் ஆல்ஃபா சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன். ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் 1915ஆம் ஆண்டு சிறப்புறத் தேறி, ஹோவர்டில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்த இளைஞர். டிமாயின் கோட்டையிற் பயின்று பதவி பெற்றார், பிரான்சு சென்றார். ஆண்டுப் பகைவரால் நேர்ந்த இடரினும் தம் நாட்டு வெள்ளையரால் நேர்ந்த இழிவே மிகுதி. ஓரிரவு அவரையும் அவர் தோழரையும் வெள்ளைச் சிப்பாய்க் கூட்டமொன்று சூழ்ந்து உயிர்க்கே இறுதி விளைக்க முனைந்தது. உயிர் தப்பி மீண்ட அவர், இனித் தாம் சட்டம் பயின்று, எதிர்த்து அடிக்க வலியில்லாதார்க்காக வாதாடுவதென உறுதி பூண்டார்.

அவர் நாடு திரும்பிய 1919ஆம் ஆண்டுக் கோடையில் பல நகரங்களில் கறுப்பர்மீது கொடிய தாக்குதல்கள் நிகழ்ந்தன. இரத்தம் சிந்தினால் உரிமை கிட்டும் என்னும் நம்பிக்கை சிதைந்தது. ‘கிரைசிஸ்’ பத்திரிகையில் 1918 ஜூலையில், குறைகளை ஒதுக்கி வைத்துப் போரில் ஒன்றுபடுக என்று எழுதிய அறிஞர் டுபாய்ஸ் என்பாரே, 1919 மேயில், மீண்ட வீரர் உள்நாட்டு அநீதியோடு இனிப் போரிடுவர் என்று எழுதலானார். அவரும் ஆல்ஃபா சங்கத்தாரே.

ஹூஸ்டன் சோர்ந்தாரில்லை. ஹார்வர்டு சர்வகலாசாலையில் சட்டம் பயின்றார். 1929 முதல் ஹோவர்டு சட்டக் கல்லூரியைப் பொறுப்பேற்று நடத்தி, பகுதி நேர இரவுப் பள்ளியாயிருந்த அதனை 1931இல் முழு அங்கீகாரம் பெறச் செய்தார். மாணவரை அவர் பயிற்றிய கடுமை பட்டாளத்துப் பயிற்சியை ஒத்தது என்பர். அவர் மாணவருள் ஒருவரே தர்குட் மார்ஷல். அவரும் ஆல்ஃபா சகோதரர். ஹூஸ்டன் 1950 ஏப்ரலில் தம் 54ஆம் வயதில் மறைந்தார். அவர் வகுத்த வழியே சென்ற மார்ஷலும் தோழரும் 1954 மே 17ஆம் நாள் பள்ளிப் பிரிவினை செல்லாது என்னும் தீர்ப்பைப் பெற்றனர். போர்க்களத்தில் மறுக்கப்பட்ட வெற்றி நீதிமன்றத்தில் கிட்டிற்று.

சங்கமே நேராக நடத்திய வழக்கும் ஒன்றுண்டு. 1942 மே மாதம் எல்மர் ஹெண்டர்சன் என்னும் அரசாங்க உத்தியோகஸ்தர் தென்னாட்டு இரயிலிற் பயணஞ் செய்தார். உணவு வண்டியில் கறுப்பர்க்கெனத் திரையிட்டு ஒதுக்கிய மேசைகளிலும் வெள்ளையர் அமர்ந்திருந்தமையால், இருக்கை ஒன்று காலியாயிருந்தும் அவர்க்கு உணவு மறுக்கப்பட்டது. ஆல்ஃபா சங்கம் அவ்வழக்கை ஏற்றது. சங்கத் தலைவராயிருந்த பெல்ஃபோர்டு லாசன் வாதாடினார். எட்டாண்டு முயற்சிக்குப் பின் 1950 ஜூன் 5ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அத்திரை முறைக்கு முடிவு கட்டிற்று. உடனுண்ணல் சிறிய செய்தியன்று; யார் யாரோடு அமரலாம் என்பதிலேதான் உயர்வு தாழ்வு என்னும் கட்டிடம் முழுவதும் நிற்கின்றது. இராணுவத்திலும் பிரிவினையை ஒழிக்கும் ஆணையை அதற்கு முன்பே, 1948 ஜூலை 26ஆம் நாள், ஜனாதிபதி ட்ரூமன் பிறப்பித்திருந்தார்.

இவ்வரலாற்றால் நாம் அறியத்தக்கது யாது? இவ்வீரர் வென்ற கோட்டைகள் பல அல்ல. பதக்கம் பெறாதாரே பெரும்பாலர். தம்மை மதியாத நாட்டின்பொருட்டும் கடமையிற் குறையாமை, இழிவுற்றபோது மனங் கசந்து மடியாமை, கற்ற கல்வியைத் தம்மினும் எளியார்க்கு உரிமையாக்குதல் என்னும் மூன்றுமே அவர் விட்டுச் சென்ற செல்வம். ஆண்மை என்பது பிறரை அடக்குதலன்று, தன்னை ஆளுதலே என்பதை யங்கின் குதிரைப் பயணம் உணர்த்தும். கல்வி தனியொருவன் ஏறும் ஏணியன்று, பலரைக் கரையேற்றும் தோணி என்பதை ஹூஸ்டனின் வாழ்வு உணர்த்தும்.

அன்பர்காள்! சங்கம் என்பது தன் கூட்டத்தார்க்குப் பதவி தேடும் கருவியாயின் அது நெடிது நில்லாது. கார்னெலில் அறுவர் திரும்பாமை கண்டு எழுவர் கூடினர். ஏழாவார்க்கும் எட்டாவார்க்கும் வழி திறந்தனர். பின் தமக்குப் புறத்தாருக்கும் அவ்வழியே விட்டனர். நம் மாணவர் விடுதிகளிலும் கல்வி நிதிகளிலும் ஈடுபட்டோர் இதனை உள்ளத்திற் கொள்வாராக. இவ்வாண்டு படிப்பை இடைநிறுத்திச் சென்ற மாணவர் யாவர், ஏன் சென்றனர் என்று வினவித் தெளிவதே, போர்முனை கண்ட அச்சகோதரர்க்கு நாம் செலுத்தத்தக்க நன்மதிப்பு ஆகும்.