நாள்தோறும் ஒரு கிளி

இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் சிறிது நேரப் பிரயாணந்தான். ஆனால் அந்தச் சிறு தூரத்துக்குள் இரண்டு உலகங்கள் இருக்கின்றன. அங்கே, 1936-இல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா நூற்பாலையை நிறுவிய நாள் தொட்டு, ஊர் யந்திரத்தோடு சேர்ந்து வளர்ந்தது. இங்கே, ஆண்டாளின் இடது கையில் அமர்த்துவதற்காகத் தினமும் ஒரு கிளி, மனிதக் கையாலேயே புதிதாகப் பிறக்கிறது.

மாதுளம்பூ அதற்கு மூக்கு. மரவள்ளி இலை உடல். மூங்கில் குச்சி கால். நந்தியாவட்டையும் அரளியும் அதற்கு அலங்காரம். செய்து முடிக்க மணிக்கணக்கில் ஆகும். ஆயுளோ ஒரே நாள். மறுநாள் வேறு கிளி. நேற்று எவ்வளவு அழகாகச் செய்தோம் என்பது இன்றைக்கு உதவாது. வெறும் இலையிலிருந்து மறுபடி ஆரம்பித்தாக வேண்டும்.

கோயிலிலிருந்து வெளியே வந்து கோபுர நிழலில் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, உடன் வந்த இராஜபாளையத்து நண்பர் பெருமூச்சு விட்டார். முப்பத்தைந்து வருஷம் கணக்கு எழுதிவிட்டு இப்போது பென்ஷன் வாங்குகிறவர். சிறு வயதில் குயவர் வீட்டில் உட்கார்ந்து களிமண் பிசைந்ததற்காக அப்பாவிடம் அடி வாங்கியவர்.

"இனிமேல் போய் எதைக் கற்றுக்கொள்வது, ஸார்? காலம் கடந்துவிட்டது" என்றார்.

அவருக்கு ஒரு சரித்திரம் சொன்னேன். பியாட்ரிஸ் வுட் என்ற அமெரிக்க மாது 1893-இல் பிறந்தவர். ஜே. கிருஷ்ணமூர்த்தியின் பேச்சைக் கேட்க ஹாலந்துக்குப் போனவர், அங்கே பளபளக்கும் பீங்கான் தட்டுகள் சில வாங்கினார். அவற்றுக்கு ஜோடியாக ஒரு தேநீர்க் கெண்டி வேண்டும். எங்கு தேடியும் கிடைக்கவில்லை. 'நாமே செய்தால் என்ன?' என்று, 1933-இல், நாற்பதாவது வயதில், ஹாலிவுட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்காக நடந்த மண்பாண்ட வகுப்பில் சேர்ந்தார். கெண்டி லேசில் வந்துவிடவில்லை. ஆனால் மண் அவரைப் பிடித்துக்கொண்டது. 1961-இல் இந்தியாவுக்கு வந்து போனார். அதன் பின் புடவையே அவர் விரும்பிய உடை. நூறு வயதைத் தாண்டியும் மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்து, 1998-இல் நூற்றைந்தாம் வயதில் காலமானார்.

"அது அமெரிக்கா, ஸார். இங்கே மண்ணைத் தொட்டால் மரியாதை போய்விடுமே!"

விஷயமே அங்கேதான் இருக்கிறது. நம்மைத் தடுப்பது வயது அல்ல, மரியாதை.

இந்த மரியாதையைப் பொருட்படுத்தாத ஒருவர் நம்மிடையிலும் இருந்தார். கோயம்புத்தூரில் 1911-இல் பிறந்த சித்திரக்காரர் கே. சி. எஸ். பணிக்கர், 1957 முதல் சென்னை ஓவியப் பள்ளியின் தலைவர். அவரிடம் பயின்ற பிள்ளைகள் கெட்டிக்காரர்கள்தாம். ஆனால் படம் வாங்க ஆள் இல்லை. சித்திரம் கற்றவன் குமாஸ்தா வேலைக்கு அலைந்தான். பணிக்கர் அவர்களை ஒன்று சேர்த்துக் கைவினைச் சங்கம் அமைத்தார். மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் பாத்திக் துணிகளைச் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தைக் கொண்டு ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் நிலம் வாங்கி, 1966-இல் சோழமண்டலம் என்ற கலைஞர் கிராமத்தை உண்டாக்கினார்கள். பணிக்கருக்கு அப்போது வயது ஐம்பத்தைந்து. அவர் புகழுக்குக் காரணமான 'சொற்களும் குறியீடுகளும்' சித்திர வரிசைகூட, ஐம்பதைத் தாண்டிய பிறகு, 1963-இல் ஆரம்பித்ததுதான். கைத்தொழில் வயிற்றைக் கவனித்துக்கொண்டது. கலை யாரிடமும் கைகட்டி நிற்கவில்லை.

நண்பர் சற்று யோசித்தார். "சரி, ஸார். எனக்குப் பென்ஷன் வருகிறது. நான் பானை செய்தால் அது பொழுதுபோக்கு. குயவனுக்கு அது சோறு. அவன் பிள்ளை சக்கரத்தை விட்டுவிட்டு மில்லுக்குப் போகிறான். நான் போய் அந்தச் சக்கரத்தின் முன் உட்கார்வது நியாயமா?"

நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான்: ஒரு தடவையாவது கை கோணி, குடம் சரிந்து, மறுபடி பிசைந்து பார்த்தவன், சந்தையில் குடத்துக்குப் பேரம் பேச மாட்டான். மாணவனாகப் போய் உட்கார்ந்து, வாத்தியாருக்குத் தட்சிணை வைத்துக் கற்றுக்கொண்டால், அதனால் குயவனுக்கு நஷ்டமில்லை. அவனுக்கு நாம் கொடுக்காமல் இருந்த மரியாதையில் கொஞ்சமாவது திரும்பிப் போகும்.

திரும்புகாலில் நண்பர் பஸ்ஸில் பேசவே இல்லை. ஊர் வந்து இறங்கும்போது மட்டும் கேட்டார்:

"நம் ஊர்ப் பக்கம் இன்னும் யாராவது சக்கரம் சுற்றுகிறார்களா, ஸார்?"